வயிற்று வலிக்கு ஒத்தடம்

நேயர்களுக்கு வணக்கம். நாள்பட்ட வயிற்று நோயோடு வருபவர்களைக் கவனித்துக்கொள்ளும் செவிலியர் நான். கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்கள், கணைய அழற்சி, குடல் சரியாக இயங்காமல் வலியும் பேதியும் மலச்சிக்கலும் தரும் ஐபிஎஸ் என்று இந்த நோய்கள் பலவகை. நடுராத்திரியில் வலி வந்தால் டாக்டரும் கிடைக்கமாட்டார், தூக்கமும் வராது. கை தானாக வெந்நீர்ப் பையைத்தான் தேடும்.

தேடுவது சரிதான். சூடு பட்டால் இறுகிப்போன வயிற்றுத் தசை தளரும். தோலில் இருக்கும் வெப்ப உணர்விகள் தூண்டப்பட்டு, வலி உறைப்பது மட்டுப்படும். உள்ளே இருக்கும் புண் இதனால் ஆறிவிடாது. ஆனால் வலிக்கிறவருக்கு அந்த அரைமணி நேர ஆறுதல் சாதாரண விஷயமில்லை.

கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். கொஞ்சம் ஆறவிட்டு, பையில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள். மெல்ல அழுத்தி, உள்ளிருக்கும் காற்று போனதும் மூடியைத் திருகுங்கள். தலைகீழாகப் பிடித்து, சொட்டுகிறதா என்று பாருங்கள். பழைய காட்டன் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். அதன்மேல் குப்புறப் படுக்கவேண்டாம், வைத்தபடியே தூங்கவும் வேண்டாம். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். வலிக்கு ஃபென்டனில் என்ற மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டியிருப்பவர்கள் அதன் பக்கத்தில் சூடே வைக்கக்கூடாது. மருந்து அளவுக்கு மீறி உடம்பில் இறங்கிவிடும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா வருவார். "வலி எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்ல சார்" என்பார். ஒருநாள் புடவையை விலக்கியபோது வயிறு முழுக்க மீன்வலை விரித்த மாதிரி பழுப்புக் கோடுகள். படை என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாராம். அது படை இல்லை. கொப்பளிக்க வைக்காத மிதமான சூடு, தினமும் அதே இடத்தில் பட்டுப்பட்டு வந்த தழும்பு. ஆரம்பத்திலேயே சூட்டை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மறையும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் நிலைத்துவிடும். அபூர்வமாக அங்கே தோல் புற்றுநோயும் வரலாம்.

எனக்கு அந்தக் கோடுகளைவிடப் பெரிதாகப் பட்டது, இத்தனை நாளும் அவர் வலியை மறைத்திருக்கிறார் என்பதுதான். தினமும் ஒத்தடம் தேவைப்படுகிறது என்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். மலம், வயிறு பற்றிப் பேச நம் பெண்கள் ரொம்பக் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். வயிற்றில் அப்படிக் கோடு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐஸ் ஒத்தடம் வயிற்றுப் பிடிப்புக்குப் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. குடல் அழற்சியோடு முழங்கால், கணுக்கால் வீங்குகிறவர்களுக்கு அது நல்லது. ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம். அந்த மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். சிலருக்குக் குடல் அழற்சி மறுபடி கிளம்பிவிடும்.

கத்திரி வெயில் நாட்களில் பேதியும் இருந்தால், ஒத்தடத்துக்கு முன்னால் ஓஆர்எஸ் கரைசலைக் கொடுங்கள். உடம்பில் நீர் வற்றுவது வலியைவிட ஆபத்து.

வழக்கமான வலியாக இல்லாமல் புதிதாக, வலது அடிவயிற்றில் குத்தினாலோ, வயிறு கல் மாதிரி இறுகினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ ஒத்தடம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.