கொண்டு போனதைக் கொண்டு வாருங்கள்

(ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய வாரம், எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அவர்களே, குறுவைக்குக் களை எடுக்கிற நேரத்திலும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் பூகோளம் சொல்லிக்கொடுத்து, இன்று முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, இந்த அறைக்கு நான்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்த அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, பாசனதாரர் சங்கத்துப் பெரியவர்களே, மாணவிகளே, எல்லாருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஜப்பானிய மலையேற்ற வீராங்கனை ஜுன்கோ தாபெய் வாழ்க்கை ஒன்று. நம் நாட்டு வீராங்கனைகளைப் பற்றி இரண்டாவது. உயரத்தில் மனித உடம்பு என்ன பாடு படுகிறது என்பது மூன்று.

மலையே இல்லாத ஊரில் மலையேற்றம் எதற்கு என்று கேட்கலாம். நம் பக்கத்தில் மண்வெட்டியால் வெட்டினால் களிமண்தான், கல் கிடைக்காது. சுவாமிமலை என்று பெயர் இருக்கிறதே தவிர அது கட்டுமலை. அறுபது படி, பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷங்களுக்கு ஒவ்வொரு படி. நான் முதலில் ஏறிய மலை அதுதான்.

1970-ல் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஒரு கிருத்திகைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். வயது ஐம்பத்தாறு, முழங்கால் வலி. படிக்கத் தெரியாது. ஆனால் தான் பிறந்தது ஆனந்த வருஷம் என்று மட்டும் தெரியும். "ஒவ்வொரு படிக்கும் பேரைச் சொல்லிக்கிட்டே வாடா, என் படி வந்ததும் நிறுத்து" என்றார். நானும் பிரபவ, விபவ, சுக்கில என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறினேன். நடுவில் ஒரு பெயர் மறந்துபோயிற்று. பின்னால் வந்த ஒரு தாத்தா எடுத்துக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவரும் சேர்ந்துகொண்டார், அவர் வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பரிதாபி, பிரமாதீச, ஆனந்த! அப்பாயி அந்தப் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதிலேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது. "இன்னும் பன்னிரண்டுதான் அப்பாயி" என்றேன். "அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும், நான் நகர மாட்டேனா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

தரிசனம் முடிந்து பிரகாரத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். நான் இலையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தேன். அப்பாயி இரண்டு இலையையும் மடித்து, கட்டி வந்த துணியிலேயே முடிந்து, கையில் எடுத்துக்கொண்டார். "சாமி மலையில நம்ம எச்சிலுக்கு என்ன வேலை? கொண்டு வந்தோம், கொண்டு போவோம்" என்றார். அறுபது படியும் அந்த மூட்டையோடுதான் இறங்கினார். வீட்டுக்கு வந்துதான் மாட்டுக்குப் போட்டார்.

அப்பாயியை மனதில் வைத்துக்கொண்டு ஜுன்கோவின் கதையைக் கேளுங்கள்.

பிறந்தது 1939-ல், ஜப்பானின் புகுஷிமா மாகாணத்தில் மிஹாரு என்ற சிற்றூர். பத்து வயதில் பள்ளி ஆசிரியர் நாசு என்ற மலைக்கு அழைத்துப் போனார். மலைக்கும் அவருக்கும் தொடக்கம் அதுதான். ஐந்தடி உயரம், அவ்வளவுதான் உருவம். 1969-ல் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்றச் சங்கம் தொடங்கினார். நான் படியில் பெயர் சொல்லிக்கொண்டிருந்த அதே 1970-ல் அவர் இமயமலையில் மூன்றாம் அன்னபூர்ணா சிகரத்தில் நின்றார்.

அப்புறம் எவரெஸ்ட். பதினைந்து பெண்கள். பணம் கேட்டுப் போன இடங்களில் "பிள்ளை வளர்க்கிற வேலையைப் பாருங்கள்" என்றார்கள். ஜுன்கோவுக்கு அப்போது மூன்று வயதுக் குழந்தை. கடைசியில் ஒரு நாளிதழும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் உதவின. அப்படியும் ஒவ்வொருவரும் கைப்பணம் போட வேண்டியிருந்தது. ஜுன்கோ பியானோ கற்றுக்கொடுத்துச் சேர்த்தார். கார் இருக்கை உறையை வெட்டிக் கையுறையும் பையும் தைத்துக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்த ஜாம் பொட்டலங்களைச் சாப்பிடாமல் சேர்த்து வைத்துக் கொடுத்தார்கள். பழைய புடவையில் ஒட்டுப்போட்டு மெத்தை தைக்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது புரியும்.

1975 மே 4, நள்ளிரவு தாண்டிய நேரம். ஏறத்தாழ 6,300 மீட்டர் உயரத்தில் இரண்டாம் முகாம். கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் பனிச்சரிவு இறங்கியது. ஜுன்கோ பனிக்கு அடியில் புதைந்து சுமார் ஆறு நிமிடம் நினைவில்லாமல் கிடந்தார். துணைக்கு வந்த நேபாள மலைவாசிகளான ஷெர்பாக்கள் தோண்டி இழுத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அவரால் இரண்டு நாளைக்கு ஒழுங்காக நடக்கக்கூட முடியவில்லை. இருவர் உச்சிக்குப் போவதாகத்தான் திட்டம். ஷெர்பாக்களை உயரநோய் வாட்டியதால், மேலே தூக்கிப்போக முடிந்த ஆக்சிஜன் ஒருத்திக்குத்தான் போதும் என்றானது. குழுத் தலைவி ஜுன்கோவை அனுப்பினார். உச்சிக்குச் சற்று முன்னால் கத்தி முனை மாதிரி ஒரு பனி விளிம்பு. ஒரு பக்கம் சீனா, ஒரு பக்கம் நேபாளம். முன்னால் ஏறியவர்கள் யாருமே இதை எழுதி வைக்கவில்லையே என்று அவருக்குக் கோபம் வந்ததாம். நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பின்னால் வருகிறவருக்கு வழி சொல்லாமல் போவது தப்பு என்று அந்த இடத்தில் நிற்கும்போதுகூடத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

மே 16, ஆங் செரிங் ஷெர்பாவோடு உச்சி. பனியில் புதைந்த பன்னிரண்டாம் நாள். எவரெஸ்டில் நின்ற முதல் பெண். 29,000 அடி, ஒவ்வொரு அடியாக. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை ஜப்பானில் எப்படிச் சொல்வார்களோ! ஜுன்கோ ஏறிய பதினோராம் நாளே திபெத்தியப் பெண் பாந்தோக் வடக்குப் பக்கமாக ஏறிவிட்டார். 1992-க்குள் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஜுன்கோ தொட்டார். அப்படித் தொட்ட முதல் பெண்ணும் அவர்தான்.

சரி, இதைச் சொல்லவா வந்தேன்? அவர் 60 வயதில் செய்ததைச் சொல்ல வந்தேன். 2000-ல் கியூஷு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்தார். தலைப்பு, எவரெஸ்டில் ஏறுகிறவர்கள் விட்டுவிட்டு வரும் குப்பை. உலகமே உச்சியைப் பார்த்தபோது அவர் காலடியைப் பார்த்தார். ஆக்சிஜன் குப்பி, கிழிந்த கூடாரம், தகரடப்பா, மனிதக் கழிவு. மலையைத் துப்புரவு செய்யும் பயணங்களிலும் போனார். 2014-ல் நேபாள அரசே ஒரு விதி கொண்டுவந்தது: எவரெஸ்ட் ஏறுகிறவர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் குழு கட்டிய 4,000 டாலர் முன்பணம் திரும்பாது.

ஐயா, அம்மா, நம் வாய்க்காலுக்கு யார் முன்பணம் கட்டியிருக்கிறோம்?

குடகு மலையில், தலைக்காவிரியில் பிறக்கிற தண்ணீர் மேட்டூரையும் கல்லணையையும் தாண்டி நம் மதகுக்கு வருகிறது. ஜூன் 12-ல் அணை திறந்தாலும் கடைமடைக்காரர் வானத்தைப் பார்க்கிறார். தூர்வாராதது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன வருஷம் எங்கள் தெருச் சிறு வாய்க்கால் மதகில் நான் கைவிட்டு இழுத்தது வண்டல் இல்லை. பாலித்தீன் பை, பால் கவர், கோயில் மாலை கட்டி வந்த நைலான் கயிறு. மூன்று கூடை. எடுத்த அரைமணியில் தண்ணீர் ஓடியது.

ஆடிப் பதினெட்டு வருகிறது. காதோலை கருகமணி, காப்பரிசி, மாவிளக்கு, முளைப்பாரி எல்லாம் கொண்டு போகிறோம். பிள்ளைகள் சப்பரம் இழுக்கிறார்கள். காவிரித் தாய்க்கு மசக்கை என்று சித்திரான்னம் படைக்கிறோம். படைத்துவிட்டு, கொண்டுபோன பையை அவள் வயிற்றிலேயே போட்டுவிட்டு வருகிறோம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வருகிறது. வரட்டும். மூன்று வருஷமாகச் சொல்கிறேன், இன்னும் சொல்வேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

பச்சேந்திரி பால் 1984 மே 23-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்மணி என்பதை மட்டும் மாணவிகள் குறித்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றியும், உடம்பைப் பற்றியும் பேச இன்று நேரமில்லை. ஜுன்கோ 2016 அக்டோபரில் மறைந்தார். அதற்கு மூன்று மாதம் முன்புவரை, புற்றுநோயோடு, சுனாமியில் பாதித்த பகுதிப் பள்ளிப் பிள்ளைகளை ஃபூஜி மலைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை ஐந்தரைக்குப் படித்துறை அரசமரத்தடியில் நிற்பேன். அரிசி ஆலை ஐயா இருபது சணல் சாக்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு நன்றி. ஊராட்சித் தலைவர் அம்மா குப்பை வண்டியை மதியம் வரை அங்கேயே நிறுத்தித் தர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். மாணவிகள் கையுறை கொண்டு வாருங்கள். இல்லாதவர்களுக்கு என் வீட்டில் தைத்து வைத்திருக்கிறோம், பழைய குடைத் துணியில்.