மதிப்பீட்டாளர் கையில் கைபேசி

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டின் பேரிலோ மனையின் பேரிலோ வங்கிக் கடன் கேட்டவர்களுக்கு மதிப்பீட்டாளரின் வருகை பழக்கமானதுதான். ஒரு நாள் காலையில் ஒருவர் வருகிறார். பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு மனையைச் சுற்றிப் பார்க்கிறார். முன்பக்கம், பின்பக்கம், தெரு, மின்மீட்டர் என்று கைபேசியில் வரிசையாகப் படம் எடுக்கிறார். அரை மணி நேரத்தில் விடைபெற்றுச் செல்கிறார். அவர் எழுதித் தரும் அறிக்கையை நம்பித்தான் பல இலட்சம் ரூபாய் கடனாகக் கொடுக்கப்படுகிறது. நிலம், கட்டட மதிப்பீட்டுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்த அரை மணி நேரத்தில் கைபேசி எதற்கெல்லாம் உதவுகிறது, எந்த இடத்தில் அதை நம்பி நின்றுவிடக் கூடாது என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முன்பெல்லாம் டேப், குறிப்பேடு, ஃபிலிம் கேமரா ஆகிய மூன்றும்தான் மதிப்பீட்டாளரின் கருவிகள். படச்சுருளைக் கழுவி அச்சிட்டு வாங்கிய பிறகு, எந்தப் படம் எந்த வீட்டினுடையது என்பதை நினைவிலிருந்து பிரித்து ஒட்ட வேண்டியிருந்தது. இன்று ஒரு படத்தை எடுத்த நொடியிலேயே நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய அனைத்தும் அதனோடு சேர்ந்து பதிவாகிவிடுகின்றன. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த வழக்கத்தை 2000-ஆம் ஆண்டு மே மாதம் கைவிட்டதால்தான் இது சாத்தியமாயிற்று. அதற்கு முன்பு சாதாரணக் கருவிகள் காட்டிய இடத்தில் 100 மீட்டர் வரைகூடப் பிழை இருக்கலாம்.

இந்தப் பதிவைத்தான் கைபேசி தந்த முதன்மையான நன்மையாக நான் கருதுகிறேன். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கென 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒவ்வொரு பணிக்குமான ஆவணங்களை அந்தப் பணி முடிந்த நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள் காப்பாற்றி வைக்க வேண்டும் என்கின்றன. எடுத்த முடிவு சரிதானா என்று நடுநிலையான ஒருவர் பின்னாளில் சரிபார்க்கும் அளவுக்கு, முடிவெடுத்த காலத்திலேயே எழுத்துப் பதிவு இருக்க வேண்டும் என்று அதே விதிகளோடு உள்ள நடத்தை நெறிகளும் கேட்கின்றன. கடன் திரும்பி வராமல், அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வீடு ஏலத்துக்கு வரும்போதுதான் இதன் அருமை விளங்கும். சமையலறைக் கூரையில் சிமென்ட் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவதை, அன்றைய தேதியோடு எடுத்த ஒரு படம் காட்டிவிடும். 'ஓரளவு பராமரிக்கப்பட்ட கட்டடம்' என்று அறிக்கையில் எழுதும் ஒரு வரி அதைக் காட்டாது. ஏலத்தில் எடுப்பவருக்கும், வீட்டை இழப்பவருக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும் அந்தப் படம் ஒரே உண்மையைச் சொல்கிறது.

ஆனால், படத்தின் அடியில் அச்சாகும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உண்டாக்கும் நம்பிக்கையைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். கைபேசிச் செயலிகள் இந்த எண்களைப் பெரும்பாலும் ஆறு தசம இடங்கள் வரை காட்டுகின்றன. ஆறாவது தசம இடம் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். அறிக்கையைப் படிக்கும் வங்கி அதிகாரி, இடம் சாண் அளவுக்குத் துல்லியமாகக் குறிக்கப்பட்டுவிட்டது என்றே எண்ணிக்கொள்வார். உண்மையில், தடையற்ற திறந்த வெளியில்கூட ஒரு சாதாரணத் திறன்பேசியின் பிழை எல்லாத் திசைகளிலும் சுமார் 5 மீட்டர், அதாவது 16 அடி. உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் மரத்தடியிலும் அது இன்னும் கூடும். நம் ஊர்களில் விற்கப்படும் மனைகளில் பல 30 அடிக்கு 40 அடி, அதாவது அரை கிரவுண்டு. மனையின் நடுவே நின்று படம் எடுத்தாலும், கைபேசி காட்டும் புள்ளி பக்கத்து மனைக்குள் விழுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. புள்ளி சரியாகவே விழுந்தாலும், அது நாம் நிற்கும் இடத்தைத்தான் சொல்லுமே தவிர, பத்திரத்தில் எழுதியுள்ள இடம் அதுதானா என்பதைச் சொல்லாது. புறநகரில் புதிதாகப் போட்ட ஒரு மனைப்பிரிவை நினைத்துப் பாருங்கள். வீடுகள் இன்னும் வரவில்லை. கருவேலஞ்செடிகள் மண்டிக் கிடக்கின்றன. எல்லைக் கற்களில் பாதி பிடுங்கப்பட்டுவிட்டன, மீதி மண்ணில் புதைந்துவிட்டன. கடன் கேட்பவரின் மனை உள்ளே நான்காவது வரிசையில், 20 அடிச் சாலையில் இருக்கிறது. இடத்தைக் காட்ட வந்தவரோ, தெரிந்தோ தெரியாமலோ, முதன்மைச் சாலையை ஒட்டிய மனையில் நின்றுகொண்டு 'இதுதான் சார்' என்கிறார். மதிப்பீட்டாளர் அங்கேயே படம் எடுத்தால், கைபேசி தன் வேலையைக் குறையின்றிச் செய்யும்: தவறான மனையை, சரியான தேதியோடும் நேரத்தோடும், அட்சரேகை தீர்க்கரேகை கொண்ட புவிக்குறியோடும் பதிவுசெய்துவிடும். சதுர அடிக்கு மூன்று மடங்கு வரைகூட விலை வேறுபடக்கூடிய இரண்டு மனைகள் இப்படி இடம் மாறிப்போவதை வங்கியில் உட்கார்ந்து அறிக்கையைப் பார்ப்பவர் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே முதற்படம் எடுப்பதற்கு முன்பே இடத்தை அடையாளம் காணும் வேலை முடிந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தைக் கைபேசியில் திறந்துகொண்டு, பூங்காவுக்கென ஒதுக்கிய இடம், சாலைச் சந்திப்பு, பழைய கிணறு போன்று மாறாத ஓர் அடையாளத்திலிருந்து தொடங்கி, மனை எண்களை வரிசையாக எண்ணிக்கொண்டு நடக்க வேண்டும். சந்திப்பின் மூலையிலிருந்து மனையின் மூலை வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று எழுதியிருக்கிறதே, அந்த நான்கு எல்லைகளையும் நேரில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்: வடக்கே யாருடைய மனை, கிழக்கே எத்தனை அடிச் சாலை என்று. பக்கத்தில் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இதில் சேரும். தமிழக அரசின் இணையதளத்தில் பட்டாவையும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிவது பேருதவி. முன்பு அதற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் படத்தின்மேல் சர்வே எண்களை, அதாவது புல எண்களை, பொருத்திக் காட்டும் வரைபடங்களும் இப்போது கிடைக்கின்றன. எந்தப் புல எண்ணுக்குள் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவை போதும். உட்பிரிவின் எல்லைக் கோடு எது என்று முடிவுசெய்ய அவை போதா. பழைய புல வரைபடங்களைப் படத்தின்மேல் பொருத்தும்போது சில இடங்களில் கோடுகள் சில மீட்டர் விலகி நிற்கின்றன. எல்லையில் ஐயம் இருந்தால் நில அளவரைக் கொண்டு அளக்கச் சொல்லி அறிக்கையில் எழுதுவதே முறை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் புவிக்குறி இன்னும் குறைவாகவே பயன்படும். முதல் தளத்து வீட்டுக்கும் ஐந்தாம் தளத்து வீட்டுக்கும் அட்சரேகை ஒன்றே, தீர்க்கரேகையும் ஒன்றே. அங்கே கதவு எண், மின் இணைப்பு எண், சொத்துவரி இரசீது ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் வீட்டை உறுதிசெய்கிறோம். கீழே மீட்டர் பலகைக்கு முன்னால் நின்று இணைப்பு எண் தெளிவாகத் தெரியும்படி எடுத்த ஒரு படம், பத்துப் புவிக்குறிகளைவிட எனக்கு நம்பிக்கை தரும்.

கைபேசி எங்கள் தொழிலுக்குச் செய்த உதவிகளில் அதிகம் பேசப்படாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஓர் இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை, அந்த இடத்தில் நின்றுகொண்டே ஆண்டுவாரியாகத் திருப்பிப் பார்க்க கூகுள் எர்த் செயலி இடம் தருகிறது. மே மாதத்தில் ஒரு மனையைப் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் கொட்டிச் சமன்செய்த தரை, புதிதாக நட்ட கற்கள், பளிச்சென்ற பெயர்ப்பலகை. குறை சொல்ல எதுவும் இல்லை. அதே இடத்தின் சில ஆண்டுகளுக்கு முந்தைய டிசம்பர் அல்லது ஜனவரிப் படத்தைத் திறந்தால், வடகிழக்குப் பருவமழை முடிந்த நேரத்தில் அங்கே தண்ணீர் நின்றது தெரியக்கூடும். கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாயோ, வயலுக்குப் போன வாய்க்காலோ அந்த மண்ணுக்கு அடியில் இருக்கக்கூடும். அப்படி ஐயம் எழுந்தால் வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணின் வகைப்பாட்டைப் பார்க்கிறோம். புல வரைபடத்தில் வாய்க்கால் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுகிறோம். 2015 டிசம்பரில் சென்னை கண்ட வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியதையும் பார்த்த பிறகு, தண்ணீர் வரும் வழியை விசாரிக்காத மதிப்பீட்டை மதிப்பீடு என்று நான் ஏற்பதில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஒரு குடும்பம் வாங்கும் மனை அது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பது விலையில் தெரிந்தாக வேண்டும்.

அளவெடுப்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. கைபேசியோடு புளூடூத் வழியாக இணையும் லேசர் அளவி, அறையின் நீள அகலங்களை ஓரிரு மில்லிமீட்டர் பிழைக்குள் அளந்து நேரடியாகச் செயலிக்குள் எழுதிவிடுகிறது. 2020-இல் வந்த ஐபோன் 12 புரோ முதல் சில கைபேசிகளில், ஒளிக்கதிரால் தொலைவை அளக்கும் லைடார் உணரியே உள்ளது. அறைக்குள் மெதுவாகச் சுற்றி வந்தால் தரைப்படம் தானாக உருவாகிறது. இவையெல்லாம் சுவரின் உட்புறத்தைத்தான் அளக்கின்றன என்பதை மட்டும் இளம் பொறியாளர்கள் மறக்கக் கூடாது. உள்ளளவு 20 அடிக்கு 30 அடி உள்ள ஒரு வீடு 600 சதுர அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவரைச் சேர்த்தால் அதன் கட்டடப் பரப்பு 677 சதுர அடிக்கு மேல் வரும். கட்டுமானச் செலவைக் கட்டடப் பரப்புக்குக் கணக்கிடும்போது உள்ளளவை எழுதிவிட்டால், உரிமையாளருக்கு 77 சதுர அடி மதிப்பு போய்விடுகிறது. வெளியில், நண்பகல் வெயிலில், லேசரின் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரிவதில்லை. மனையை அளக்க இன்னும் டேப்பைத்தான் நீட்ட வேண்டும்.

விலை விசாரணைக்குக் கைபேசி ஓரளவுக்கே உதவும். மனை விற்பனைத் தளங்களில் காண்பவை விற்பவர் கேட்கும் விலைகள். கைமாறிய விலைகள் அல்ல. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அது முத்திரைத் தீர்வைக்கென அரசு வைத்த மதிப்பு. 2017 ஜூனில் அது மாநிலம் முழுவதும் 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் மீண்டும் பழைய அளவுக்கு உயர்த்தப்பட்டது. அந்த நாள்களில் சந்தை விலை அப்படி விழவும் இல்லை, எழவும் இல்லை. அண்மையில் அதே தெருவில் வாங்கியவரிடமும் விற்றவரிடமும் பேசித் தெரிந்துகொண்டதை, பேசிய நாளோடு குறித்து வைப்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

படங்களை அனுப்பும் முறையைப் பற்றி வங்கிகளுக்கும் தொழில்நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுவதோடு, உள்ளே பதிவாகியிருந்த இட, நேர விவரங்களும் நீங்கிவிடுகின்றன. கோப்பாக அனுப்பினால்தான் அவை தங்கும். படத்தின்மேல் அச்சிட்டுக் காட்டும் இடக்குறிப்பை மட்டும் நம்பவும் இயலாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் பொய்யான இருப்பிடத்தைக் காட்டச் செய்வது கடினமான வேலையன்று. எனவே மூலப்படம் மதிப்பீட்டாளரிடம் திருத்தப்படாமல் இருக்க வேண்டும். அதன் இன்னொரு நகல் கைபேசிக்கு வெளியேயும் இருக்க வேண்டும். வீட்டின் உட்புறப் படங்களும் ஆதார் நகல்களும் குழுக்களில் சுற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் தம் வீட்டுக்குள் நம்மை அனுமதித்ததை நாம் மதிக்க வேண்டும்.

கைபேசி வந்த பிறகு வேலையின் வேகம் கூடியது உண்மை. காலையில் பார்த்த வீட்டுக்கு மாலைக்குள் அறிக்கை கேட்கும் வழக்கமும் அதனாலேயே பரவிவிட்டது. படங்களும் அளவுகளும் உடனே வந்துவிடுகின்றன என்பதற்காக, மூலப்பத்திரத்தைப் படிப்பதற்கும் வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுவதற்கும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்கும் தேவைப்படும் நேரத்தை வெட்டுவது பெரிய தவறு. கிளை மேலாளர்கள் இதற்கு ஒரு நாள் கூடுதலாகத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடன் கேட்கும் நேயர்களும் எங்களுக்கு உதவலாம். மதிப்பீட்டாளர் வரும் நாளில் பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற கட்டட வரைபடம், சொத்துவரி இரசீது, மின்கட்டண அட்டை ஆகியவற்றின் நகல்களை எடுத்து வையுங்கள். இடத்தைக் காட்ட எல்லை தெரிந்த ஒருவரை உடன் அனுப்புங்கள். எல்லைக் கற்கள் செடிகளால் மூடியிருந்தால் முன்னதாகவே வெட்டிவிடச் சொல்லுங்கள். மொட்டை மாடிக்குச் செல்லும் கதவின் சாவியையும் தயாராக வைத்திருங்கள். கட்டடத்தின் உண்மையான நிலையை நாங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

நன்றி, வணக்கம்.