தலையால் முட்டிய பந்துக்கு ஏன் விசில் ஊதினேன்?

வணக்கம். கலிபோர்னியாவில் எங்கள் வட்டார லீக்கில் சனிக்கிழமைதோறும் சிறுவர் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். போன வாரம் ஒரு தந்தை என்னிடம் வந்து, “தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தில் தலையால் முட்டுவது தவறில்லையே, என் மகனுக்கு மட்டும் ஏன் விசில் ஊதினீர்கள்?” என்று கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் அவருக்கு அரைகுறையாகவே பதில் சொன்னேன். முழுப் பதிலையும் இன்று சொல்கிறேன்.

களத்தின் அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் முறை ஆகியவற்றைச் சிறுவர்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளப் பன்னாட்டு விதிப் புத்தகமே இடம் தருகிறது. அதன்படி இங்கே பத்து வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு 7 பேராக, 4-ஆம் எண் பந்தைக் கொண்டு, 25 நிமிடங்கள் வீதம் இரண்டு பாதிகள் ஆடுகிறார்கள். இவற்றில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பெனால்டி ஏரியாவுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் போடப்படும் ‘பில்ட்-அவுட்’ கோடுதான் முதலில் குழப்புகிறது. கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்ததும் எதிரணியினர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கோல்கீப்பரும் பந்தைக் கையிலிருந்து விட்டு ஓங்கி உதைக்கக் கூடாது, எறியவோ உருட்டவோ கீழே வைத்துத் தட்டிவிடவோ வேண்டும். பின்களத்திலிருந்து பந்தைக் கடத்தி ஆடக் குழந்தைகள் கற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு இது, எனக்கு மிகவும் பிடித்த விதியும் கூட.

தலையால் முட்டும் தடைக்கு வேறொரு பின்னணி உண்டு. தலையில் படும் அடியால் குழந்தைகளின் மூளைக்கு நேரும் பாதிப்பை முன்வைத்து 2014-இல் இதே கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. அதன் தீர்வாக 2015 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அறிவித்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதினரை ஒரே பிரிவில் சேர்த்து ஆடவைக்கும் சில லீக்குகள் அவர்களுக்கும் இந்தத் தடையை நீட்டிக்கின்றன. அதனால்தான் ஒரு லீக்கில் சரியாக இருப்பது பக்கத்து ஊர் லீக்கில் தவறாகிறது.

வேண்டுமென்றே முட்டினால் மட்டுமே அது குற்றம். மிரண்டு நிற்கும் குழந்தையின் தலையில் பந்து தானாக வந்து பட்டால் நான் விசிலைத் தொடுவதில்லை. காயம் உண்டா என்றுதான் பார்ப்பேன். கழுத்தை முன்னே கொண்டுபோய்ப் பந்தைத் தேடினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுப்பேன், அதாவது உதைத்த பந்து இன்னொருவர் மேல் பட்ட பிறகு உள்ளே போனால்தான் கோலாகும். இதற்காக மட்டும் அட்டை காட்டத் தேவையில்லை.

இந்த விதியில் நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். என் முதல் பருவத்தில், கோலுக்குள் போகவிருந்த பந்தை ஒரு சிறுமி கோட்டருகே நின்று தலையால் தடுத்தாள். விசில் ஊதியது சரிதான். ஆனால் கோலுக்கு முன்னால் உள்ள சிறிய கட்டமான கோல் ஏரியாவுக்குள் நடந்த குற்றத்துக்குப் பந்தைக் கோல் கோட்டுக்கு இணையாக உள்ள கோல் ஏரியாக் கோட்டுக்கு நகர்த்த வேண்டும் என்பதை மறந்து, அவள் நின்ற இடத்திலேயே வைத்துவிட்டேன். இரண்டடி தூரத்தில் உதைத்த பந்து ஒரு தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டு உள்ளே போனது. அந்த ஒரு கோலில் அவளுடைய அணி தோற்றது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் நடுவரால் எதையும் திருத்த முடியாது. முடிந்ததும் இரு பயிற்சியாளர்களிடமும் தவறு என்னுடையது என்று சொன்னேன். பிறகு, தன்னால்தான் தோற்றோம் என்று அழுதுகொண்டிருந்த அந்தச் சிறுமியிடம் போய், பந்தை வைத்த இடம்தான் பிழை, அதை வைத்தவன் நான் என்றேன். “அப்படியானால் அந்தக் கோல் கணக்கில் வராதா?” என்று கேட்டாள். வரும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.