இரண்டு ஆட்டம் இல்லை

(அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், தமிழ்க் குடும்பங்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, நண்பர்களே, பின்வரிசையில் ஊதா நிற ஜெர்சியோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த வாரம் அமெரிக்கக் கால்பந்து சீசன் தொடங்குகிறது. "புள்ளியியல் பாடம் நடத்துகிறீர்களே, இந்த வருடம் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லுங்கள் அக்கா" என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி என்னிடம் கேட்டுக்கொண்டார். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் முதலில் இந்தத் தாளைப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், என் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது. 32 அணிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பெயருக்கு எதிரே எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று என் கணிப்பு. ஓரத்தில் ஒரு பத்தி, தலைப்பு "வராதவர்கள்". காயம்பட்டவர்களின் கணக்கு அது. முழங்கால், ஆறு ஆட்டம். தொடைத் தசை, மூன்று ஆட்டம். நம் ஊர் அணியான பால்டிமோர் ரேவன்ஸுக்கு நேரே என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ரைஸ் – 2 ஆட்டம் இல்லை."

இந்த ஒரு வரிதான் இன்றைய என் பேச்சு. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே போக முடியும்.

இந்த விளையாட்டில் கணிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. கூடைப்பந்து அணி 82 ஆடுகிறது. கால்பந்து அணிக்கு 17 தான். 2021க்கு முன் 16 தான். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அதிர்ஷ்டம் எங்கே முடிகிறது, திறமை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. போதாததற்கு, எந்த அணியும் நிரந்தரமாக மேலே இருந்துவிடக் கூடாது என்றே, இந்த 32 அணிகளையும் நடத்தும் லீக்கான என்.எஃப்.எல். தன் விதிகளை அமைத்திருக்கிறது. போன வருடம் கடைசியில் வந்த அணிக்குக் கல்லூரி வீரர்களில் முதல் தேர்வு. எல்லா அணிகளுக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. அதனால்தான் 1990 முதல் ஒவ்வொரு சீசனிலும், முந்தைய ஆண்டு பிளேஆஃப் எனும் இறுதிக்கட்ட ஆட்டங்கள் பக்கமே வராத அணிகளில் குறைந்தது நான்காவது உள்ளே நுழைந்துவிடுகின்றன.

அதோடு காயம். 2001இல் நியூ இங்கிலாந்து அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ட்ரூ பிளெட்ஸோ இரண்டாவது ஆட்டத்திலேயே மோசமாக அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக வந்தவர், முந்தைய ஆண்டுத் தேர்வில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி. அந்த அணி சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பவுலில் 14 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்தார்கள். 20-17 என்று ஜெயித்தது. 2023இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி ஆரோன் ராஜர்ஸை நம்பி ஒரு சீசனையே திட்டமிட்டது. முதல் ஆட்டத்தில், அவர் களமிறங்கிய நான்காவது முயற்சியிலேயே அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. அதோடு சீசன் முடிந்தது. இதையெல்லாம் எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது. சொல்லாது என்று தெரிந்தும் நாம் கணிக்கிறோம். எனக்கு அதில் இன்றைக்கும் தீராத ஆசை உண்டு. இருபது வருடமாக ஆகஸ்ட் வந்தால் இந்தத் தாளை எழுதுகிறேன்.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கசினோ விடுதியின் லிஃப்டுக்குள், ரேவன்ஸின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) ரே ரைஸ் தன் வருங்கால மனைவியை அடித்து வீழ்த்தினார். சில நாட்களிலேயே முதல் காணொளி வெளிவந்தது. லிஃப்டின் கதவு திறக்கிறது. நினைவில்லாமல் கிடக்கும் பெண்ணை அவர் வெளியே இழுக்கிறார். நானும் பார்த்தேன். இந்த ஊரில் பார்க்காதவர்கள் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மே மாதம் இருவரும் சேர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். அன்று நடந்ததில் தன் பங்குக்காக அந்தப் பெண் வருந்துகிறார் என்று அணியின் அதிகாரப்பூர்வக் கணக்கே ட்விட்டரில் எழுதியது. அடி வாங்கியவரின் வருத்தத்தை ஒரு விளையாட்டு நிறுவனம் அறிவிக்கிறது! ஜூலையில் லீக்கின் தண்டனை வந்தது: இரண்டு ஆட்டம். சில நாள் கழித்து, மைதானத்தில் நடந்த திறந்தவெளிப் பயிற்சிக்கு ரைஸ் வந்தபோது நம் ஊர் மக்கள் கைதட்டி வரவேற்றார்கள்.

அதே கோடையில் கிளீவ்லாந்து வீரர் ஜோஷ் கார்டனுக்கு, கஞ்சா பரிசோதனையில் மீண்டும் சிக்கியதற்காக முழு ஆண்டுத் தடை விதித்தார்கள். பிறகுதான் அதை 10 ஆட்டமாகக் குறைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நாடே கொதித்தது. ஆகஸ்ட் கடைசியில் லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல், தான் சரியாகச் செய்யவில்லை என்று அணி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். குடும்ப வன்முறைக்கு முதல் முறையே ஆறு ஆட்டம் என்று விதியை மாற்றினார்.

அந்த வாரத்தில்தான் நான் இந்தத் தாளை எழுதினேன். காணொளியைப் பார்த்திருந்தேன், கடிதத்தைப் படித்திருந்தேன். இருந்தும் பேனாவை எடுத்தபோது என் மனம் போட்ட கணக்கு என்ன தெரியுமா? ரைஸ் போன சீசனில் ஓட்டத்துக்குச் சராசரியாக 3.1 கஜம்தான் எடுத்தார், ஆகவே அவர் இல்லாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. முதல் இரண்டு ஆட்டத்தில் ஒன்று ஜெயிப்போம், ஒன்று தோற்போம். தொடைத் தசைக்கும் முழங்காலுக்கும் நடுவே அந்தப் பெண்ணின் தாடையை எழுதி வைத்தேன், அது தாடை என்ற நினைப்பே இல்லாமல்.

செப்டம்பர் 7 அன்று சின்சினாட்டியிடம் தோற்றோம். மறுநாள் காலை இரண்டாவது காணொளி வந்தது. இது லிஃப்டுக்குள் இருந்த கேமரா பதிவு செய்தது. அன்றே ரேவன்ஸ் அவரை நீக்கியது, லீக் காலவரையின்றித் தடை செய்தது. 11ஆம் தேதி வியாழக்கிழமை இரவு பிட்ஸ்பர்க்கை 26-6 என்று வென்றோம். ஒரு வெற்றி, ஒரு தோல்வி. என் கணிப்பு அப்படியே பலித்தது. அன்றிரவு மைதானத்தில் இருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் 27 என்ற ரைஸின் எண் பொறித்த ஜெர்சியை வேண்டுமென்றே அணிந்து வந்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து இந்தத் தாளைப் பார்த்த பிறகு, அவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

அடுத்த வாரம் அந்த ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்தால் வேறு வீரரின் ஜெர்சி தருவதாக அணி அறிவித்தது. மைதானத்தைச் சுற்றி வரிசை நின்றது. இரண்டே நாளில் ஏழாயிரத்துக்கும் மேல் திரும்பி வந்தன. என் வீட்டிலும் ஒன்று இருந்ததால் நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அப்பா, ஆறேழு வயது மகனோடு. பையனின் கையில் மடித்து வைத்த குட்டி ஜெர்சி. "நான் ஒன்றும் தப்பு செய்யவில்லையே, ஏன் கொடுக்க வேண்டும்?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பா குனிந்து ஏதோ சொல்லப் பார்த்தார், வார்த்தை வரவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கால்பந்து வீரர்கள் எல்லோரும் முரடர்கள் என்ற பேச்சு உண்மையில்லை. மொத்தக் கைது எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், இந்த நாட்டில் அவர்கள் வயது ஆண்களைவிட அவர்கள் குறைவாகத்தான் கைதாகிறார்கள். ஓர் அணியில் 53 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆட்டம் முடிந்தால் பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகிறவர்கள். ஆகவே வீரர்களின் குணத்தைப் பற்றி அல்ல என் புகார். குற்றத்தை ஆட்டக் கணக்கில் அளந்து பழகிவிட்ட லீக்கைப் பற்றியும், அதே அளவுகோலை வீட்டுக்கு எடுத்து வந்த நம்மைப் பற்றியும்தான்.

ரைஸ் பிறகு எந்த அணியிலும் ஆடவில்லை. நவம்பரில் ஒரு முன்னாள் நீதிபதி தடையை நீக்கினார். ஒருமுறை வாய்ப்புக் கொடுத்தால் சம்பளம் முழுவதையும் குடும்ப வன்முறைக்கு எதிரான அமைப்புகளுக்குக் கொடுத்துவிடுவதாகக்கூட அவர் சொன்னார். யாரும் எடுக்கவில்லை. லீக்குக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது என்று நினைக்க ஆசைதான். ஆனால் கிரெக் ஹார்டியைப் பாருங்கள். காதலியைத் தாக்கிய வழக்கில் நீதிபதி அவரைக் குற்றவாளி என்றார். மேல்முறையீட்டில் புகார் சொன்ன பெண் சாட்சி சொல்ல வராததால் வழக்கு கைவிடப்பட்டது. லீக் விதித்த 10 ஆட்டத் தடையை மத்தியஸ்தர் 4 ஆகக் குறைத்தார். 2015இல் டல்லஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஹார்டி 2013இல் 15 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவர். ரைஸிடம் இருந்ததோ 3.1 கஜம். மன்னிப்பின் விலை அங்கேதான் தீர்மானமாகிறது.

இரண்டாவது வாய்ப்பே கூடாது என்று சொல்கிறவள் அல்ல நான். நாய்ச் சண்டை நடத்திய மைக்கேல் விக் 23 மாதச் சிறைத்தண்டனை பெற்றார், தண்டனையை அனுபவித்துவிட்டு 2009இல் பிலடெல்பியாவுக்கு ஆட வந்தார். பிறகு விலங்குச் சண்டைக்கு எதிரான சட்டத்துக்கு ஆதரவாக வாஷிங்டனில் நின்று பேசினார். அவர் செய்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் ஆட்டக் கணக்காகச் சுருக்கவில்லை.

குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சன் விவகாரம் என்னை இன்னும் விடவில்லை. 2006இல் ஜார்ஜியாவின் கெய்ன்ஸ்வில்லில், வாரிக் டன் என்ற கால்பந்து வீரரின் அறக்கட்டளை ஒரு தாய்க்கு வீடு கொடுத்தது. டன்னின் அம்மா காவல்துறையில் பணியாற்றியவர், கொல்லப்பட்டவர். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு வீடு தருவதை மகன் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். அன்று அந்த வீட்டுக்குள் நுழைந்த பிள்ளைகளில் ஒருவன் வாட்சன். 2017இல் ஹூஸ்டனில் வெள்ளம் வந்தபோது, தன் முதல் ஆட்டச் சம்பளத்தை அணியின் உணவகப் பணியாளர்களுக்குக் கொடுத்தார். நான் கண் கலங்கிப் பார்த்த செய்தி அது. 2021இல், மசாஜ் செய்துகொண்டபோது அத்துமீறினார் என்று இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் உரிமையியல் வழக்குத் தொடுத்தார்கள். அவர் மறுத்தார். குற்ற வழக்குத் தொடர நடுவர் குழுக்கள் மறுத்தன. பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. ஆனால் லீக் விதியை அவர் மீறினார் என்று விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி முடிவு செய்தார். கடைசியில் 11 ஆட்டத் தடை, 50 லட்சம் டாலர் அபராதம்.

அதற்கு முன்பே, 2022 மார்ச்சில், கிளீவ்லாந்து அவருக்கு முழு உத்தரவாதத்தோடு 23 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தது. ஒப்பந்தத்தின் ஒரு மூலையைக் கவனியுங்கள். முதல் ஆண்டின் அடிப்படைச் சம்பளம் சுமார் 10 லட்சம் டாலர் மட்டும். தடைக்காலத்தில் பிடிக்கப்படுவது அடிப்படைச் சம்பளத்திலிருந்துதான். தடை வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த ஆண்டில், அந்தத் தடையால் நஷ்டம் குறைவாக இருக்கும்படி எண்கள் அமைந்திருந்தன. அந்தக் கோடையில் கணிப்பாளர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: வாட்சன் இல்லாத 11 ஆட்டங்களில் மாற்று வீரர் ஜகோபி பிரிசெட் எத்தனை ஜெயிப்பார்? நான்கு ஜெயித்தார், ஏழு தோற்றார். கணிப்பு வேலை செய்தது. அந்தப் பெண்களில் யாருடைய வாழ்க்கைக்கும் இதில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை.

லீக் எதற்கு அஞ்சுகிறது என்பதும் இங்கேதான் தெரியும். அட்லாண்டா வீரர் கால்வின் ரிட்லி மொத்தம் 1,500 டாலர் அளவுக்குக் கால்பந்தில் பந்தயம் கட்டினார் என்று 2022 சீசன் முழுவதும் ஆடவிடவில்லை. ஆட்ட முடிவின்மேல் சந்தேகம் விழுந்தால் கடையே மூடிவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் புரிகிறது. அதே கண்டிப்பைக் காட்ட முடியும் என்று அவர்களே நிரூபித்துவிட்டார்கள் என்பதுதான் என் வாதம்.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களில் பலர் நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்துக் கற்பனையாகக் கட்டும் ஃபேண்டஸி அணி வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். "ஆறு வாரம் தடை, அதனால் மலிவாகக் கிடைப்பார், எடுத்து வைத்துக்கொள்" என்ற அறிவுரையை இந்த வாரமும் எங்காவது படிப்பீர்கள். ஆட்டத்தை விடச் சொல்லவில்லை. நானும் விடவில்லை, நம் அணியின் கணிப்பு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், தேநீர் இடைவேளையில் காட்டுகிறேன், சண்டை போடலாம். "வராதவர்கள்" பத்தியில் மட்டும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். காயத்துக்கு எண் போதும். தடைக்கு எண் எழுதுவதில்லை. அவர் யாருக்கு என்ன செய்தார் என்று முழு வாக்கியமாக எழுதுகிறேன். போன வருடம் என் மாணவி ஒருத்தி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது கட்டத்துக்குள் அடங்கவில்லையே மேடம் என்றாள். அடங்கவில்லைதான். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தொடர்ந்து எழுதியிருக்கிறேன்.