நோட்டைப் பைக்குள் வையுங்கள்

வணக்கம். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்காக, 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் தேடி வீடு வீடாகப் போகிறார்களே தன்னார்வலர்கள், அவர்களோடு கொஞ்சம் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1991-ல் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நானும் இப்படித்தான் கையில் நோட்டோடு கிளம்பினேன். வாசலில் நின்றபடியே "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்பேன். தெரு முழுக்க ஒரே பதில்தான், "வேலை கிடக்கு, அப்புறம் வா." கடன் வசூலிக்கிறவரும் நோட்டோடுதானே வருவார், அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

ஒரு திண்ணையில் ஒரு அக்கா கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கெதுக்குத் தாயி படிப்பு?" என்றார். நடந்து நடந்து கால் வலி, நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் உடைக்க ஆரம்பித்தேன். அது விதைக்கடலை, தோல் கிழிந்தால் சரியாக முளைக்காது, நான் உடைத்ததெல்லாம் பிளந்துகொண்டே போனது. அவர் என் விரலைப் பிடித்து, நுனியில் அழுத்து, நடுவில் அழுத்தாதே என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அரைமணி நேரம் மழையைப் பற்றி, மகளைக் கட்டிக்கொடுத்த ஊரைப் பற்றிப் பேசினோம், படிப்பு என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. கிளம்பும்போது அவரே கேட்டார், "அந்த நோட்டுல என் பேரை எங்க எழுதுவே?"

எத்தனையோ கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன். விதைக்கடலை உடைக்கிற பக்குவம் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதை அவர் முன்னால் ஒத்துக்கொண்ட பிறகுதான் என்னிடம் கற்றுக்கொள்வது அவருக்குக் கூச்சமாக இல்லை. அதனால் முதலில் உட்காருங்கள், நோட்டைப் பைக்குள் வையுங்கள்.

அப்புறம், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். புதுக்கோட்டையில் இயக்கத்தோடு சைக்கிளும் பழக்கினோம், எழுத்துக்கு வராத பெண்கள் சைக்கிளுக்கு வந்தார்கள், வந்த இடத்தில் எழுத்தும் பழகினார்கள். இன்றைக்கு ஒருவருக்கு பஸ் போர்டு படிக்க வேண்டும், இன்னொருவருக்குப் பேரனின் மெசேஜைப் படிக்க வேண்டும். கேளுங்கள், சொல்வார்கள்.

பாதியில் நின்றுபோனவர்களைத் திரும்ப அழைப்பது பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. அவர்கள் வீட்டுக்குப் போனால் "ஏன் வரலை?" என்று ஆரம்பிக்காதீர்கள், "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா அக்கா?" என்று கேளுங்கள். காரணத்தை அவர்களே சொல்வார்கள். வணக்கம்.