கரியை மண்ணில் போட்டால் அது மக்காதா?

வணக்கம். மண்ணில் போடுவதற்காக மரத்தையோ வைக்கோலையோ வாட்டிச் செய்யும் கரியான உயிர்க்கரி பற்றிய சென்ற காணொளியைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அம்மா இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். "இலையும் கட்டையும் மக்குகின்றன, கரி மட்டும் மக்காதா? மக்கினால் அதிலுள்ள கரிமம் மறுபடியும் காற்றில்தானே கலக்கும்?" என்பது முதல் கேள்வி. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கோழி வாட்டியபின் மிஞ்சும் கரியைத் தமது சமூகத் தோட்டப் பாத்தியில் போடலாமா என்பது இரண்டாவது.

கரியும் மக்கத்தான் செய்யும், ஆனால் மிக மெதுவாக. காற்று அநேகமாக இல்லாத கலத்தில் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மரத்தை வாட்டும்போது, நீரும் ஆவியாகும் பொருள்களும் வெளியேறிவிட, எஞ்சிய கரிம அணுக்கள் வளையம் வளையமாகப் பின்னிக்கொள்கின்றன. மண்ணின் நுண்ணுயிர்களுக்கு இந்தப் பின்னல் எளிதில் கடிபடாது. சிறு பகுதி சில மாதங்களில் சிதைந்துபோனாலும், நன்றாக வெந்த கரியின் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். அமேசான் படுகையில் பூர்வகுடிகளின் அடுப்புக்கரியும் எலும்பும் குப்பையும் சேர்ந்து உருவான மண், ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் பாத்தியில் கொட்டிய தழை எத்தனை விரைவில் காணாமல் போகிறது என்பதைத் தோட்டம் போடுகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அளவையும் பார்ப்போம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். அதில் ஏறக்குறைய பாதிதான் கரியில் நிற்கும், மீதி வாயுவாகப் போய்விடும். நல்ல மரக்கரி ஒரு கிலோ மண்ணில் தங்கினால், சுமார் இரண்டரை கிலோ கரியமில வாயு காற்றில் கலக்காமல் நிற்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிவருவது சுமார் 2.3 கிலோ. ஆக, பத்து கிலோ மூட்டை ஒன்று, கரி செய்யும் செலவைக் கழிக்காமல் பார்த்தால், பத்து லிட்டர் பெட்ரோலின் புகையை ஈடுகட்டும். ஒரு தொட்டிச் செடிக்கு இது பெரிய விஷயமில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலில்தான் இதற்கு எடை கூடுகிறது.

எந்த மரம், எந்த முறை என்று கேட்காமல் "உயிர்க்கரி பூமியைக் காக்கும்" என்று சொல்லிவிடுவதை நான் ஏற்பதில்லை. வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோலைக் கரியாக்கினால் லாபம் தெளிவானது. ஆண்டுதோறும் புகைமூட்டத்தை எதிர்பார்த்து முகக்கவசம் வாங்கி வைக்கும் நமக்கு அது கூடுதல் லாபமும்கூட. கரிக்காகவே நின்ற மரத்தை வெட்டினால், அந்த மரம் இன்னும் பல ஆண்டுகள் சேர்த்திருக்கக்கூடிய கரிமத்தையும் நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தை அடுக்கி மண் பூசி மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் நல்ல கரி கிடைக்கிறது. ஆனால் எரியாமல் கசியும் வாயுக்களில் மீத்தேனும் உண்டு. இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பம் கூட்டும். அந்த வாயுக்களைக் கலத்திலேயே எரித்து வெப்பமாகப் பயன்படுத்தும் உலைகள்தான் இதற்குப் பொருத்தமானவை.

விளைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் வெளிவந்த, பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று, வெப்பமண்டல நாடுகளில் சராசரியாக 25 விழுக்காடு கூடுதல் விளைச்சலும் குளிர்நாடுகளில் ஏறத்தாழ மாற்றமின்மையும் கண்டது. அமிலத்தன்மை மிகுந்த, சத்துக் குறைந்த மண்ணுக்குத்தான் கரியின் காரத்தன்மையும் நீர்ப்பிடிப்பும் உதவுகின்றன.

இனி ஈஸ்ட் கோஸ்ட் கரி. கடையில் கிடைக்கும் அச்சுக்கரிக் கட்டிகளில் ஒட்டுப்பொருளும், சிலவற்றில் நிலக்கரித் தூளும், எளிதில் பற்றவைக்கும் மருந்தும் கலந்திருக்கலாம். அவற்றைக் கீரைப் பாத்தியில் போட வேண்டாம். கொழுப்புச் சொட்டிய கரியும் வேண்டாம். கலப்பில்லாத மரக்கரியின் எரியாத துண்டுகள் என்றால், ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கித் தேயுங்கள். வெறுந்தண்ணீரில் கறுப்பு கழுவிப்போனால் நன்றாக வெந்த கரி. சவர்க்காரம் போட்டும் பிசுபிசுத்தால் தார் மிஞ்சியிருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். தேறிய கரியை மிளகளவு பொடித்து, சம அளவு ஈரமான மக்குரத்தோடு கலந்து இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள். பச்சையாகப் போட்டால், மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கரியே முதலில் இழுத்துக்கொண்டு, கீரை சில வாரங்களுக்கு மஞ்சளித்து நிற்கும்.