அரச முடியைப் பற்றிப் பேசாத கொலைகாரர்கள்: மக்பெத், 2ஆம் அங்கம், 2ஆம் காட்சி

[திரை: திறந்திருக்கும் மக்பெத் நூல். பென்சிலால் கோடிட்ட பக்கம்.]

குரல்: வணக்கம். கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆங்கில இலக்கிய ரியூஷனுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஷேக்ஸ்பியரின் மக்பெத் எதைப் பற்றிய நாடகம் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு 'பதவி ஆசை' என்பார்கள். சரிதான். ஆனால் தன் வீட்டில் தங்கிய அரசன் டங்கனைக் கொன்ற கையோடு மக்பெத் மனைவியிடம் வருகிற காட்சியை ஒருதரம் வடிவாக வாசியுங்கள். அரச முடி என்ற பேச்சே இல்லை. எதற்காகக் கொன்றார்களோ, அதை இரண்டு பேரும் வாய்திறந்து சொல்வதில்லை.

கதைச் சுருக்கம் உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுவோம். கொலை மேடையில் நடப்பதில்லை. நாம் பார்ப்பது வெளியே காத்திருக்கும் லேடி மக்பெத்தை. தூங்கும்போது டங்கன் என் தகப்பனைப் போல இருந்திராவிட்டால் நானே முடித்திருப்பேன் என்கிறாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

[திரை: நான்கு பேச்சு, ஒன்றன்கீழ் ஒன்றாக. முதலில் லேடி மக்பெத், பிறகு மக்பெத், மாறி மாறி.]

"நீங்களா பேசினீர்கள்?" "எப்போது?" "இப்போதுதான்." "நான் இறங்கி வரும்போதா?"

மூலத்தில் இது ஒரே ஒரு செய்யுள் வரி. ஷேக்ஸ்பியர் அதை நாலாக உடைத்து இரண்டு பேருக்கும் பங்கு போடுகிறார். அதனால் இடைவெளி விடாமல் படபடவென்று வர வேண்டும். நாடகப் போட்டிக்குப் பழகுகிற பிள்ளைகள் இதைக் கண்ணை உருட்டி, ஆறுதலாகச் சொல்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்தது, மக்பெத் தனக்குக் கேட்டதாகச் சொல்கிற குரல். கிளாமிஸ், கோடர் இரண்டும் அவனுடைய பட்டங்கள்தான். வீடு முழுக்கக் கேட்டதாம்: கிளாமிஸ் நித்திரையைக் கொன்றுவிட்டான், ஆகவே கோடர் இனி உறங்கமாட்டான், மக்பெத் இனி உறங்கமாட்டான். முதலாம் அங்கத்தில் சூனியக்காரிகள் வாழ்த்திய வரிசையைப் பக்கத்தில் வையுங்கள். கிளாமிஸ் பிரபு, கோடர் பிரபு, மூன்றாவதாக வருங்கால அரசன். வரிசை அதேதான். மூன்றாம் இடத்தில் மட்டும் அரசன் இல்லை, வெறும் மக்பெத். முடி தலையில் ஏறும் முன்பே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. பரீட்சையில் எல்லோரும், கடலாலும் கழுவ முடியுமா என்று அவன் கேட்கிற கை இரத்தத்தையே எழுதுகிறார்கள். இதை எழுதிப் பாருங்கள்.

[திரை: கத்திகள்.]

இனிக் கத்திகள். பழியை டங்கனின் காவலர்மேல் போடுவதென்றால் அவை அவர்கள் பக்கத்தில் கிடக்க வேண்டும். மக்பெத் கையோடு கொண்டுவந்துவிட்டான். திரும்பிப் போய் வைக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறான். போர்க்களத்தில் ஆளையே பிளந்தவன்! கடைசியில் அவள்தான் வாங்கிக்கொண்டு போகிறாள்.

ஆனால் அவள் கத்திகளைக் கேட்பது அவன் வந்தவுடன் அல்ல. ஜெபம் கேட்டும் தனக்கு ஆமென் சொல்ல வராதது, அந்தக் குரல் எல்லாம் அவன் கதைத்த பிறகுதான். அதுவரை அவை எங்கே இருந்தன? 1611இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன், கழுவியும் போகாத இரத்தத்தையும் அந்தக் கத்திகளையும் தன் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அது கூரையில்லாத அரங்கு, பகல் வெளிச்சம். பார்வையாளருக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது. கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் விளக்கைக் குறைத்துத் தப்பலாம். பாடசாலை மண்டபத்தில், மத்தியான வெயிலில் என்ன செய்வீர்கள்? முதுகுக்குப் பின்னாலா, அங்கிக்குள்ளா? இல்லை, கண்டும் காணாதவள் போல நிற்கிறாளா? அதை முடிவெடுத்துவிட்டு வசனத்தைப் பாடமாக்குங்கள்.

அடுத்த வீடியோவில் அந்தக் குடிகார வாயிற்காவலனைப் பார்ப்போம்.